கப்பலேறிப் படிக்கப் போனவர்கள்: திருவிதாங்கூர் மண்ணின் ஒரு வரலாறு

சில மாதங்களுக்கு முன் கருங்கல் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். மூன்று சென்ட் நிலம், ஓட்டு வீடு. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. அம்மா அண்டி ஆபீசில் பருப்பு உரிக்கிறார். அந்த வீட்டுப் பெண் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்கிறாள். செப்டம்பரில் முதல் செமஸ்டர். பெட்டிக்குள் துணிகளோடு அவியலரிசி, கருப்பட்டி, மிளகுப்பொடி எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பாட்டி சொன்னார்: "நம்ம ஆளுவ கப்பல் ஏறினது எல்லாம் சிலோனுக்குக் கூலி வேலைக்காக்கும் மக்களே. படிக்க ஆரு போயிருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்களால் அந்தக் கேள்வியைச் சிரித்துவிட்டுக் கடக்க முடியவில்லை. நம் ஆட்கள் யார் போயிருக்கிறார்கள்? எப்படிப் போனார்கள்? யார் பணம் கொடுத்தார்கள்? போனவர்கள் திரும்பி வந்தபோது இந்த நாடு அவர்களை எப்படி வரவேற்றது? இளம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது. ஆகவே எழுதுகிறோம்.

பாட்டி சொன்னதில் பொய் இல்லை

கருங்கல் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் விளவங்கோடு வட்டத்தில் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ஆகவே நம் முன்னோர்களின் வரலாற்றைத் தேடுகிறவர்கள் சென்னையைப் பார்ப்பதற்கு முன்னால் திருவனந்தபுரத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சமஸ்தானத்தில் 1836இல் எடுத்த கணக்கில் 1,64,864 பேர் அடிமைகள். புலையர், பறையர், குறவர் என்று நம் மக்கள்தான் அந்தக் கணக்கில் இருந்தார்கள். நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், ஒற்றிக்கு வைக்கப்பட்டார்கள், வாடகைக்கு விடப்பட்டார்கள். அடிமை முறையை ஒழிக்கும் அரச அறிவிப்பு 1855இல் வந்தது. அறிவிப்பு வந்தது, நிலம் வரவில்லை. அதன் பிறகும் பொதுவழியில் நடக்க முடியாது, சந்தைக்குள் நுழைய முடியாது. பிழைப்புத் தேடித் தென் திருவிதாங்கூரிலிருந்து ஏராளமானோர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். பாட்டியின் நினைவில் இருக்கும் கப்பல் அதுதான். கடல் கடந்தால் தீட்டு என்று மேல்சாதியார் சாத்திரம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நமக்கு அந்தத் தடை இல்லை. உழைப்பை விற்க எங்கே வேண்டுமானாலும் போகலாம். படிக்க மட்டும் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக முடியாது.

மயிலாடியிலிருந்து ஒரு நடை

ஆனால் பாட்டிக்குத் தெரியாத இன்னொரு பயணமும் இந்த மண்ணில் நடந்திருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் இருக்கும் மயிலாடியைச் சேர்ந்தவர் மகாராசன். பறையர், அதாவது சாம்பவர் சமூகத்தவர். 1799 வாக்கில் சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்பியவர், தஞ்சாவூரில் அங்கிருந்த மிஷனரிகளைச் சந்தித்தார். கிறித்தவரானார். வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றுத் திரும்பினார். எங்கள் ஊருக்கும் ஒரு போதகரை அனுப்புங்கள் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்ததற்குப் பின்னால் இந்த மனிதரின் கால்நடை இருக்கிறது. 1809இல் மயிலாடியில் ஆலயமும் பள்ளியும் வந்தன. அந்தப் பள்ளியின் தொடர்ச்சிதான் பின்னாளில் நாகர்கோவிலுக்கு மாறி, 1893இல் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

இதை நாம் எப்படிப் படிக்கப் பழகியிருக்கிறோம்? வெள்ளைக்காரர் வந்தார், கல்வி கொடுத்தார் என்று படிக்கிறோம். கடல் கடந்து வந்தவரின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அவரை அழைத்துவர நடந்துபோன நம் ஆளின் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? சபைக்குள்ளும் சாதி புகுந்தது, அந்தப் பள்ளிகளின் பலன் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் இம்மாவட்டத்தின் நவீனக் கல்விக்கு முதல் அடி எடுத்து வைத்தது ஒரு தலித் என்பதை மறக்கக் கூடாது. இந்த இடத்துக்குக் கட்டுரையின் கடைசியில் மறுபடி வருவோம்.

கருகிய பெஞ்சும் கப்பலும்

அடுத்த அடி வெங்ஙானூரில். விழிஞ்ஞம் பக்கம், நமக்கு அதிகத் தூரமில்லை. மகாத்மா அய்யங்காளி 1863இல் அங்கே பிறந்தார். 1893இல் வில்லுவண்டியில் பொதுச்சாலையில் போனார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஆணைகள் வந்தும் பள்ளிக் கதவு திறக்கவில்லை. அப்போது அவர் வயலைக் கையில் எடுத்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையென்றால் உங்கள் வயலுக்கு எங்கள் கை இல்லை என்று வேலைநிறுத்தம். கூலி உயர்வைத் தாண்டி, படிப்புக்காக விவசாயத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அது. உலக வரலாற்றில் இதற்கு எத்தனை இணை இருக்கும் என்று தேடிப் பாருங்கள்.

பிறகு பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்குப் போனார். சிறுமி பெஞ்சில் உட்கார்ந்தாள். மேல்சாதியார் பள்ளியையே கொளுத்தினார்கள். கருகிய ஒரு பெஞ்சு அந்தப் பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. குமரி மாவட்டத் தோழர்கள் ஒருநாள் ஒதுக்கி அதைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இங்கே இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1913 ஜூலையில், பம்பாயிலிருந்து கப்பலேறிய 22 வயது மகர் இளைஞர் ஒருவர் நியூயார்க் போய் இறங்கினார். அண்ணல் அம்பேத்கர். தந்தை இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை, மூன்று ஆண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு. அதற்குப் பதிலாகத் திரும்பி வந்து பத்தாண்டுகள் பரோடா அரசில் பணி செய்வதாக ஒப்பந்தம். மனைவி ரமாபாய் பம்பாயில். வீட்டுச் செலவுக்கும் அந்தப் பணத்திலிருந்துதான் மிச்சம் பிடித்து அனுப்ப வேண்டும்.

கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் அவர் முதன்முதலாக மற்றவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். தீட்டு இல்லாத ஓர் இடம் உலகத்தில் உண்டு என்று உடம்பால் அறிந்தார். இது சின்ன விஷயம் இல்லை. சாதி இயற்கையானது, எங்கும் இருப்பது என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அந்தப் பொய் உடைவதற்கு அந்த ஒரு மேசை போதும். 1915இல் எம்.ஏ. முடித்தார். 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவின் சாதிகள் குறித்த தன் ஆய்வுக் கட்டுரையை வாசித்தார். அகமண முறைதான் சாதியின் உயிர் என்று 25 வயதில் நிறுவினார். பொருளாதாரம் படிக்கப் போனவர், தன்னை ஒடுக்கிய அமைப்பையே ஆய்வுப் பொருளாக்கினார்.

திரும்பி வந்த கதையைப் பாருங்கள். அந்த ஆண்டே லண்டன் பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள், முதல் உலகப் போரில் அந்தக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியபோது கடலுக்குள் போயின. பரோடாவில் அதிகாரியாகச் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியே போகச் சொன்னார்கள். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அமெரிக்காவில் கிடைத்த மேசை பரோடாவில் கிடைக்கவில்லை. இந்த அனுபவங்களை அவர் எழுதி வைத்த குறிப்புகளுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். அவர் கதவு தட்டிக் காத்திருந்தது வெளிநாட்டுத் தூதரகத்தில் அல்ல, சொந்த நாட்டில்.

மறுபடி அவர் லண்டனுக்குப் போக 1920 ஆனது. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேர்த்த சம்பளம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பாத்தேனாவிடம் கடன். இப்படித் திரட்டிய பணத்தில் அரைவயிறு சாப்பிட்டு 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

பத்து பி.ஏ.

1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தார். கோயில் நுழைவு அறிவிப்பு அதற்கு முந்தைய நவம்பரில்தான் வந்திருந்தது. நாடே அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. ஆனால் 73 வயது அய்யங்காளி காந்தியிடம் சொன்ன ஆசை கோயிலைப் பற்றியது அல்ல. சாவதற்குள் தன் சமூகத்தில் பத்து பேர் பி.ஏ. படித்துப் பார்க்க வேண்டும் என்றார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தலைவருக்குப் பட்டம் என்பதன் விலை தெரிந்திருந்தது. 1941இல் அவர் மறைந்தார்.

அவர் ஆசையைச் சொன்ன அதே 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. திவான் சி.பி. ராமசாமி அய்யர் அதன் முதல் துணைவேந்தர். ஆறு ஆண்டுகள் கழித்து, 1943இல், அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்று வெளியே வந்த மாணவர் ஒரு தலித். உழவூரைச் சேர்ந்த கோச்சேரில் ராமன் நாராயணன்.

உழவூரிலிருந்து லண்டன்

கே.ஆர். நாராயணன் நாட்டு வைத்தியர் ஒருவரின் மகன். ஏழு பிள்ளைகளில் நான்காவது. பரவன் சாதி. வயல் வரப்புகளில் தினமும் 15 கிலோமீட்டர் அளவுக்கு நடந்து பள்ளிக்குப் போய்வந்தார். ஃபீஸ் கட்ட முடியாத நாட்களில் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். புத்தகம் வாங்கக் காசு இல்லை. ஆஸ்துமாவால் வீட்டோடு இருந்த அண்ணன் நீலகண்டன், மற்ற மாணவர்களிடம் இரவல் வாங்கிய புத்தகங்களைக் கையால் எழுதித் தம்பிக்குக் கொடுத்தார். இந்த அண்ணனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே. கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் பின்னால், கப்பலேறாத ஒருவர் இருக்கிறார். அம்பேத்கருக்கு ரமாபாய் இருந்தார். கருங்கல் வீட்டில் அண்டி ஆபீஸ் போகும் அம்மா இருக்கிறார்.

முதலிடம் பெற்றவருக்கு அதே சமஸ்தானத்தில் விரிவுரையாளர் வேலை கிடைக்கவில்லை. குமாஸ்தா வேலை தருகிறோம் என்றார்கள். அதே மதிப்பெண் வாங்கிய மேல்சாதி மாணவருக்குக் கிடைக்கும் நாற்காலி அவருக்கு இல்லை. நாராயணன் குமாஸ்தா வேலையை ஏற்கவில்லை, பட்டமளிப்பு விழாவுக்கும் போகவில்லை. டெல்லிக்குக் கிளம்பினார். பத்திரிகைகளில் வேலை செய்தார். 1945இல் டாட்டா உதவித்தொகை கிடைத்து லண்டன் பொருளியல் பள்ளிக்குப் போனார். அம்பேத்கர் படித்த அதே நிறுவனம். ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் படித்தார். பொருளாதார அறிஞர் கே.என். ராஜோடு ஒரே வீட்டில் தங்கினார். பின்னாளில் மொரீஷியஸ் நாட்டின் குடியரசுத் தலைவரான வீராசாமி ரிங்காடுவும் அந்த வீட்டில் இருந்தார்.

1948இல் திரும்பும்போது லாஸ்கி நேருவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். நேருவைச் சந்தித்துப் பேசி முடித்து, வெளியேறும்போதுதான் நாராயணன் அந்தக் கடிதத்தைக் கொடுத்தார். கதவு வரை போனவரை நேரு திரும்ப அழைத்தார். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதரானார். 1997 ஜூலை 25 அன்று இந்தியாவின் குடியரசுத் தலைவரானார். திருவனந்தபுரத்தில் ஒரு விரிவுரையாளர் நாற்காலிக்குத் தகுதியற்றவர் என்று சொல்லப்பட்டவர் அவர்.

இந்தக் கதையை மேடைகளில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்தி, பார்த்தீர்களா, திறமை இருந்தால் சாதி தடையில்லை என்று முடிப்பார்கள். நாம் அப்படி முடிக்கக் கூடாது. நாராயணனின் திறமை 1943இலேயே நிரூபிக்கப்பட்டுவிட்டது. திறமை போதுமென்றால் அவர் கப்பலேறியிருக்கவே வேண்டாம். அவரைக் கரை சேர்த்தது ஒரு தொழிலதிபரின் உதவித்தொகையும் ஒரு பேராசிரியரின் கடிதமும். அம்பேத்கரைக் கரை சேர்த்தது இரண்டு மன்னர்களும் ஒரு நண்பரும். அந்த மன்னருக்கு மனம் இல்லாமல் போயிருந்தால்? அந்தக் கடிதம் எழுதப்படாமல் போயிருந்தால்? உதவி கிடைக்காமல் வரப்பிலேயே நின்றுபோன நாராயணன்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு வரலாறு இல்லை.

தயவை உரிமையாக்கியது

இதை நன்றாக உணர்ந்தவர் அம்பேத்கர். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான 1942ஆம் ஆண்டிலேயே பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கி ஒரு மனு கொடுத்தார். அதில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு ஒரு நிதியும், வெளிநாடு சென்று படிக்கத் தனியாக ஒரு நிதியும் அரசு ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். தனக்கு ஒரு மன்னர் தயவாகக் கொடுத்ததை, தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அரசின் கடமையாக மாற்றினார். சுதந்திரத்துக்குப் பின் 1954-55இல் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் வந்தது.

இன்று அதன் நிலை என்ன? நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. இந்தியாவின் பட்டியல் சாதி மக்கள்தொகை 2011 கணக்குப்படியே 20 கோடிக்கு மேல். முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும்தான் பணம். இளங்கலையில் ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வர இதில் வழியில்லை.

2022இல் விதிகளைத் திருத்தினார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று சேர்த்தார்கள். இந்தியாவைப் பற்றிப் படிக்க வெளிநாடு எதற்கு என்பது அவர்கள் வாதம். 1916 மே 9ஐ ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். இன்று அம்பேத்கர் விண்ணப்பித்தால், இந்தியாவின் சாதிகள் என்ற தலைப்புக்காகவே அவர் விண்ணப்பம் தள்ளுபடியாகும். நம் பிள்ளைகள் பொறியியல் படித்து வரட்டும், சாதியை மட்டும் தொடாமல் இருக்கட்டும் என்பதுதான் அந்த விதியின் பொருள். 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்து, மற்ற 66 பேருக்கு நிதி இருந்தால் தருவோம் என்று அறிவித்தார்கள். உரிமை மறுபடியும் தயவாகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மறுபடி கருங்கல்

அந்தப் பெண் ஏன் இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே சாதிச் சான்றிதழை எடுத்துக் காட்டினாள். சாம்பவர் குடும்பம்தான். ஆனால் மூன்று தலைமுறையாகச் சபையில் இருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்கள் இன்றுவரை வெளியே. சான்றிதழில் அவள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஊரில் அவள் யார் என்பது ஊருக்குத் தெரியும்.

மயிலாடி வேதமாணிக்கத்தை நினைத்துக்கொண்டோம். இம்மாவட்டத்துக்குப் பள்ளிக்கூடம் வர வழி செய்த மனிதர். அதே சாதியில், அதே மதத்தில் பிறந்த பெண்ணுக்கு அம்பேத்கர் கேட்டு வாங்கிய நிதியில் பங்கு இல்லை. மாநில அரசின் திட்டத்தைப் பற்றி யாரோ சொன்னபோது விண்ணப்பிக்கும் நாள் தாண்டியிருந்தது. கடைசியில் வங்கிக் கடன். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் ஈடு கேட்கிறார்கள். மூன்று சென்ட் நிலத்தின் பட்டா போதாமல், மாமா ஒருவரின் நிலத்தையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நீலகண்டன்.

தம்பி தங்கைகளே, இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை.

முதலாவது, 2022 விதியைத் திரும்பப் பெறச் சொல்லி நாம் குரல் கொடுக்க வேண்டும். எதை ஆராய வேண்டும் என்பதை ஆராய்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, தலித் கிறித்தவர்களின் பட்டியல் சாதி உரிமையைச் சபைகளின் கோரிக்கை என்று ஒதுக்கக் கூடாது. குமரியில் அது நம் வீட்டுக் கோரிக்கை. மூன்றாவது, 125 என்ற எண்ணிக்கையை உயர்த்தக் கேட்க வேண்டும், தேர்வான எல்லோருக்கும் நிதி உறுதி செய்யப்பட வேண்டும்.

நான்காவது நம் கையில் இருப்பது. தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் அயலக உயர்கல்வி உதவித்தொகை தருகிறது. கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போய் விதிகளையும் கடைசி நாளையும் கேட்டு எழுதி வையுங்கள். பாஸ்போர்ட், வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். போய்ச் சேர்ந்தவர்கள், அடுத்து வரும் இரண்டு பேருக்காவது விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுங்கள். அண்ணன் கையால் எழுதிய புத்தகத்துக்குத் தம்பி செலுத்தும் கடன் அது.

இரவு திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வண்டி வந்தது. பாட்டி வாசல்வரை வந்தார். வண்டியில் ஏறப்போன பேத்தியின் தலையைத் தடவி, "படிச்சிட்டு இங்கோட்டு வந்திரணும் கேட்டியா" என்றார். அவள் சரி என்றாள். அவள் திரும்பி வரும்போது விரிவுரையாளர் நாற்காலி காத்திருக்குமா, தடிகள் காத்திருக்குமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் இங்கே இருக்கும் நாம்தான்.

ஜெய் பீம்!